உபுகாதாவின் மூன்று சல்லடைகள்

உபுகாதா தமோத்ஸுவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால், ஹனவா தொயோகோவுக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷமாக அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது இடுப்பு உயரச் செடிவேலி ஒன்றுதான். அந்த வேலிக்கு மேலாக அவர் இதுவரை ஒருநாள்கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் சென்பே சுட்டு விற்கிறவள். அரிசி மாவு வில்லையைக் கரியடுப்பில் திருப்பித் திருப்பிச் சுட்டு சோயா தடவித் தருவேன். அதனால் அவருக்கு நான் 'சென்பேக் கடை.' அவ்வளவுதான்.

ஓமியாவில் எங்கள் தெருவுக்குப் பழைய கட்டுப்பாடு ஒன்று உண்டு. போன்சாய் என்கிற தொட்டிக் குறுமரங்களை வளர்க்கிறவர்கள் மதில் கட்டக் கூடாது, செடிவேலிதான் வைக்க வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாசல் கேட் திறந்தே இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து மரங்களைப் பார்க்கலாம். ஆனால் கை படக் கூடாது. இதைப் போட்ட பெரியவர்கள், உபுகாதா மாதிரி ஓர் ஆள் இங்கே குடிவருவார் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவரும் கேட்டைத் திறந்துதான் வைப்பார். யாராவது உள்ளே போனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு நிமிஷம் பொறுத்து, "பாத்தாச்சா? வழி அந்தப் பக்கம்" என்பார்.

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்களே, அந்த வேலை. சுற்றிலும் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. இருமினால்கூட முறைப்பாராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த முறைப்புக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அவர் மரப்பட்டையில் காதை வைத்து உள்ளே நீர் ஏறுவதைக் கேட்கிறார் என்று தெருவில் சிலர் சொல்வதுண்டு. சுத்தப் பேத்தல். நான் முப்பத்தொரு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அவர் கண்ணால் பார்க்கிறார், நகத்தால் மொட்டைத் தொட்டுப் பார்க்கிறார். வேறு மாயம் மந்திரம் ஒன்றும் கிடையாது.

அவர் மனைவி ஃபுசாயே நல்ல பெண். வேலியோரம் நின்று என்னோடு பேசுவாள், நான் சுட்டதில் உடைந்த சென்பேக்களை வாங்கித் தின்பாள். அவளுடைய அம்மா இறந்த அன்று உபுகாதா தன் பெரிய மேப்பிள் மரத்தைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார். வேரெல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. ஃபுசாயே கறுப்பு உடை உடுத்தி, கைப்பையோடு வாசலில் நின்றாள். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர்றீங்களா இல்லையா?"

"நீ முன்னால போ."

"எங்க அம்மாங்க."

"அவங்க இனிமே எங்கயும் போகப் போறதில்ல. இந்த மொட்டு நாளைக்கு வெடிச்சிடும்."

ஃபுசாயே போனாள். சடங்கெல்லாம் முடிந்தும் திரும்பி வரவில்லை. இப்போது செந்தாய் நகரில் மகளோடு இருக்கிறாள். அந்த மேப்பிள் அவ்வருஷம் பிரமாதமாகத் துளிர்த்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் ஒன்று. மேப்பிளுக்குத் தொட்டி மாற்றும் நாளைக் குறிப்பதில் அந்த மனுஷனுக்குத் தப்பே வராது. இதை நான் சொல்லாவிட்டாலும் தெருவே சொல்லும். குளிர்காலம் முழுக்க மரம் தூங்கும். தூக்கம் கலைகிற நேரத்தில், மொட்டு சிவந்து தடித்து, மேல்செதில் விலகி உள்ளே பச்சை ஒரு நூல் அளவு தெரியும். அந்த நான்கைந்து நாளுக்குள் வேரை வெட்டிப் புது மண்ணில் வைத்துவிட வேண்டும். முந்தினால், வெட்டின வேர் பனியில் போய்விடும். பிந்தி இலை விரிந்துவிட்டால், வெட்டுப்பட்ட வேரால் அதற்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்க முடியாது, மேலே வாடிவிடும். உபுகாதா அந்த நாளுக்கு முந்தின நாள் மூன்று சல்லடைகளை வேலியோரம் வரிசையாக வைப்பார். பெருமண்ணுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று. அதைப் பார்த்ததும் தெரு முழுக்கத் தொட்டி மாற்றத் தொடங்கிவிடும். ஒருவரும் தங்கள் மரத்தைப் பார்க்க மாட்டோம், அவர் சல்லடையைத்தான் பார்ப்போம்.

இது அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு வருஷம் பிப்ரவரி முதல் வாரத்திலேயே, வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்னதாக, மூன்று சல்லடைகளும் வெளியே வந்தன. எங்கள் தெருச் சங்கத் தலைவர் கொகுரே, பாவம், அவசரக்காரர். அன்றைக்கே இரண்டு மேப்பிள்களைப் பிடுங்கி வேரை வெட்டிவிட்டார். மறுநாள் உபுகாதா சல்லடைகளை உள்ளே எடுத்துவைத்துவிட்டுப் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மரமும் செத்தன. கொகுரே கேட்கப் போனபோது அவர் சொன்னது இதுதான்:

"நான் சல்லடை கழுவிக் காயவெச்சேன். உங்கள யாரு மரத்தப் பிடுங்கச் சொன்னா?"

இந்த ஆளின் பேச்சை நம்பலாமா? நீங்களே சொல்லுங்கள். நான் நம்பவில்லை. என் கதை அங்கேதான் கெட்டது.

என்னிடம் இருந்தது ஒரே மரம். கணக்குக்குப் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் இருந்தாலும் மரம் என்று நான் சொல்வது அந்த மேப்பிளைத்தான். சிச்சிபு மலைச்சரிவில் நானே பொறுக்கிவந்த விதை. இருபத்தேழு வருஷம். அடிமரம் என் மணிக்கட்டுப் பருமன், நான்கு கிளை, இலை சிவக்கும் நவம்பரில் சென்பே வாங்க வருகிறவர்கள் காசை நீட்டியபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் மரத்தின்மேல் உயிரை வைத்தேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. அந்த மரம் என் கையால் வந்தது. உபுகாதாவிடம் அப்படி ஒன்று கிடையாது. அவரிடம் இருப்பதெல்லாம் வாங்கிவந்து வளர்த்தவை. என் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது.

மூன்றரை வருஷத்துக்கு முன் இலையுதிர்காலத்தில் அந்த மரம் தொட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது. ஊற்றின தண்ணீர் மேலேயே தேங்கியது. வேர் சுற்றிச் சுற்றி மரத்தையே விளிம்புக்கு மேலே தூக்கிவிட்டது. வருகிற வசந்தத்தில் தொட்டி மாற்றியே ஆக வேண்டும், தவறினால் வேர் அழுகி மரம் போய்விடும். இது எனக்கே தெரியும். அதை வேலிக்கு மேலாக, என் கடையில் நான்கு பேர் நிற்கும்போது, அவர் கத்திச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"ஏய் சென்பேக் கடை! அந்த மரம் மூச்சுத் திணறுது, தெரியுதா? இல்ல, மாவு பெசையுறதுதான் தெரியுமா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே மரத்தை வேலியோர மேடையிலிருந்து எடுத்து, கடையின் பின்சுவரை ஒட்டி வைத்தேன். அங்கே வைத்தால் அவர் பக்கத்திலிருந்து தெரியாது. 'இனி எதைப் பார்த்துக் கத்துவாய், பார்க்கலாம்' என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் என் கரியடுப்பு. விடிகாலை மூட்டினால் சாயங்காலம் வரை எரியும். குளிர்காலம் முழுக்க அந்தச் சுவரில் கை வைத்தால் இதமாக இருக்கும். பூனைகள் அங்கேதான் வந்து படுக்கும். இருபத்தேழு வருஷம் மரம் வளர்த்தவளுக்கு அது தோன்றவில்லை. கோபக்காரிக்குப் பூனை அளவுக்குக்கூடப் புத்தி இருப்பதில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி என் மேப்பிளின் மொட்டுகள் சிவந்து நின்றன. செதில் விலகியிருந்தது. உள்ளே அந்தப் பச்சை நூல். உபுகாதாவின் மரங்கள் இன்னும் விறகு மாதிரி நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மரம் முந்திவிட்டது!

இருபத்திரண்டாம் தேதி அவரே என் கேட் வழியாக உள்ளே வந்தார். கட்டுப்பாட்டின்படி வரலாம். இருபத்தெட்டு வருஷத்தில் அதற்கு முன் இரண்டே முறைதான் வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனார். குனிந்து மொட்டைப் பார்த்தார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னும் இல்ல" என்றார்.

"உங்கள யாரு கேட்டா, உபுகாதா சான்?"

"இது அடுப்பு எழுப்பின மொட்டு. வெளியில குளிர் இன்னும் போகல. இங்கேருந்து தள்ளி வடக்குப் பக்கம் வை. அங்க கொஞ்சம் அடங்கும். மார்ச் பதினஞ்சு வரைக்கும் தொடாத."

"கொகுரே சானுக்கும் இப்படித்தான் நாள் குறிச்சுக் குடுத்தீங்களோ?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அவரு என் சல்லடையப் பாத்தாரு. நான் உன் மரத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்தாச்சா? வழி அந்தப் பக்கம்" என்றேன். அவர் வசனத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே சென்பே சுட்டேன்.

மார்ச் பதினைந்து வரை காத்திருந்தால் இலை விரிந்துவிடும், வேரை வெட்ட முடியாது, என் மரம் சாகும். அதுதான் அவர் திட்டம் என்று முடிவு கட்டினேன். மறுநாளே தொட்டி மாற்றினேன். மூங்கில் குச்சியால் வேரைக் கோதிப் பிரித்தேன், மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன். வேர்முனைகள் வெள்ளையாக இருந்தன. 'பார், மரம் விழித்துவிட்டது' என்று சத்தமாகவே சொன்னேன், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று. புது மண்ணை இறுக்கி, கம்பியால் கட்டி, அடியில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. நாள்தான் தப்பு.

மார்ச் தொடக்கத்தில் மொட்டுகள் வெடித்தன. மடித்த குடை மாதிரிக் குட்டி இலைகள். அதைச் சுவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? பன்னிரண்டாம் தேதி மரத்தைத் தூக்கிவந்து கேட்டுக்குப் பக்கத்துத் தாழ்வான பலகையில், தெருவே பார்க்கும்படி வைத்தேன். கொகுரே வந்து பார்த்துவிட்டு, "ஹனவா சான், உபுகாதாவையே முந்திட்டீங்களே!" என்றார். நான் அவருக்கு ஒரு பொட்டலம் சென்பே சும்மா கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே வந்து பார்த்தால் பலகை காலி. தெருவில் ஓடினேன். உபுகாதாவின் கேட் திறந்திருந்தது. உள்ளே அவருடைய மண்தரைக் கொட்டகையில், அவர் மரங்களுக்கு நடுவே, என் மேப்பிள்.

"திருடன்!" என்று கத்தினேன். மரியாதைக்குச் சேர்க்கிற 'சான்' எல்லாம் அப்போது எங்கே போயிற்றோ. "உபுகாதா! பட்டப்பகல்ல என் மரத்தத் தூக்கிட்டுப் போறியா? கை படக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கே, தெரியாதா உனக்கு?"

தெரு கூடிவிட்டது. கொகுரே செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தார். "உபுகாதா சான், இது ரொம்பத் தப்பு. மரத்துமேல கை வெக்கலாமா?" என்றார். செத்துப்போன தன் இரண்டு மரங்களும் அவர் குரலில் இருந்தன.

உபுகாதா அசைந்து கொடுக்கவில்லை. "காத்து நின்னுடுச்சு. வானத்துல ஒரு மேகம் இல்ல. விடிஞ்சா வெண்பனி. அது இன்னிக்கு வெளிய நிக்கக் கூடாது."

"ரேடியோவுல மூணு டிகிரின்னு சொன்னான். பனின்னு சொல்லவே இல்ல!"

"ரேடியோக்காரன் ஆள் உயரத்துல அளக்கிறான். உன் தொட்டி தரையோரம் இருக்கு. வெட்டின வேரு."

"என் மரம். என் இஷ்டம்."

"உன் மரந்தான். யாரு இல்லேன்னா? உனக்காக ஒண்ணும் எடுத்துட்டு வரல. நீ எப்படியோ போ. அத விட்டுட்டுப் போ."

எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னார். நான் மரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கூட்டம் வழிவிட, தலைநிமிர்ந்து நடந்து வந்தேன். பலகையில் அதே இடத்தில் வைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் கடையைச் சாத்தும்போது குளிர் சுருக்கென்று ஏறியது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மரத்தைக் கடைக்குள் எடுத்துவைக்கப் பத்தடி நடந்தால் போதும். தொட்டியில் கையும் வைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் உபுகாதா நின்றுகொண்டிருந்தார். மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்து உள்ளே வைத்தால், அவர் சொன்னதைக் கேட்டேன் என்று ஆகிவிடும். கையை எடுத்தேன். தொட்டியை நேராக்க வந்தவள் மாதிரிக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன்.

விடிந்தபோது பலகை வெள்ளையாக இருந்தது. வாளித் தண்ணீரில் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது. தொட்டி மண் ஓடு மாதிரிக் கெட்டியாகிக் கிடந்தது. வெயில் ஏறியதும் குட்டி இலைகள் எல்லாம் வேகவைத்த கீரை மாதிரித் தொங்கின, மத்தியானத்துக்குள் கறுத்தன. நான் அன்று அழுதேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் புகை என்று சொல்லிக்கொண்டு, நாள் முழுக்க அழுதேன். உபுகாதா அன்று சாயங்காலம் தன் மூன்று சல்லடைகளையும் வெளியே வைத்தார்.

மே மாதம் அடிக்கிளை ஒன்றில் மட்டும் இரண்டு துளிர் வந்தது. மேலே எல்லாம் செத்த கட்டை. அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் தூக்கிக்கொண்டு போய் உபுகாதாவின் கேட்டுக்குள் வைத்தேன்.

"நீங்களே வெச்சுக்குங்க. என்கிட்ட இருந்தா இதுவும் போயிடும்."

அவர் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். செத்த உச்சியைத் தொடவில்லை.

"சொல்லாம கொள்ளாம ஏன் எடுத்துட்டுப் போனீங்க?" என்றேன். "என் கதவத் தட்டிச் சொல்லியிருந்தா…"

"தட்டியிருந்தா?"

நான் குனிந்து தொட்டி விளிம்பில் இருந்த மண்ணைத் துடைத்தேன்.

"தூக்கு" என்றார். "எனக்கு வேணாம். கெடுத்தவ கண்ணுல தெனமும் படட்டும்."

தூக்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து, அடுப்புச் சுவரை விட்டுத் தள்ளி, பழைய வேலியோர மேடையிலேயே வைத்தேன். செத்த பாகத்தை அறுத்துவிட்டேன். மூன்று வருஷமாகக் காலையில் வேலிக்கு வந்தால் உபுகாதா முதலில் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். அந்த ஒற்றைக் கிளைதான் இப்போது மரம். முழங்கை உயரம் வந்திருக்கிறது.

இந்த பிப்ரவரியில் மறுபடியும் தண்ணீர் மேலே தேங்கத் தொடங்கியது. இந்தத் தடவை தப்பினால் அறுத்து எடுக்க மிச்சம் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் மொட்டுக்கு முன்னால் போய் நின்றேன். மார்ச் எட்டு, சிவப்பு. பதினொன்று, தடிப்பு. பதினான்காம் தேதி செதில் விலகின மாதிரியும் இருந்தது, விலகாத மாதிரியும் இருந்தது. உபுகாதாவின் சல்லடைகள் இன்னும் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் நான் அதைப் பார்த்து வேலையை ஆரம்பித்திருக்க மாட்டேன்.

அன்றே தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தெருவழியாக, எல்லாரும் பார்க்க, அவர் கேட்டுக்குள் போனேன். கொகுரே வாசலில் துடைப்பத்தோடு நின்று வாயைப் பிளந்தார். உபுகாதா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"உபுகாதா சான், இன்னிக்கா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "இந்த வார்த்தைய மூணு வருஷம் முந்திக் கேட்டிருக்கணும்."

"ஆமா" என்றேன்.

பிறகுதான் திரும்பினார். குனிந்து, நகத்தால் ஒரு மொட்டை லேசாகத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். அப்படியே வெகுநேரம் இருந்தார். நான் தொட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாளன்னிக்கு. காலைல" என்றார். "முடிஞ்சதும் கொட்டகைல கொண்டாந்து வை. ஏப்ரல் வரைக்கும் இங்கதான் இருக்கணும். அதுவரைக்கும் நீ வந்து வாயத் தெறக்கக் கூடாது."

"உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு யாரு வரா? மரத்தப் பாக்கத்தான் வருவேன்."

"பாத்தாச்சா?" என்றார். "வழி அந்தப் பக்கம்."

பதினாறாம் தேதி கடைக்கு விடுமுறை என்று எழுதி மாட்டிவிட்டு, வேரைக் கோத மூங்கில் குச்சியை எடுத்தேன். அன்று நான் அடுப்பு மூட்டவில்லை.